சுவாகிலியின் முதற்சொற்களைத் தமிழ்வழி கற்க ஒரு பத்தி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர், தமிழே தட்டுத் தடுமாறும் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாகிலி எதற்கு என்று மனம் நொந்து கேட்டிருந்தார். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் 30 ஆண்டுகள் தமிழ் வகுப்பு நடத்தியவள் என்ற முறையில் அவருடைய கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆயினும் 68ஆம் வயதில் சுவாகிலி கற்கத் தொடங்கி, இந்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ நானூறு சொற்களைப் பிழையின்றிக் கையாளத் தெரிந்துகொண்ட எனக்கு வாய்த்த அனுபவம் அவர் அஞ்சுவதற்கு நேர்மாறானது. அதை எழுதுவதோடு தங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். வாரந்தோறும் அரைப் பத்தி இடம் ஒதுக்கி, சுவாகிலியின் அடிப்படைச் சொற்களை ஆங்கிலத்தின் வழியாக அல்லாமல் தமிழின் வழியாகவே தங்கள் இதழ் கற்றுத்தர வேண்டும்.

நம் தென்னாப்பிரிக்க நாட்டுப் பள்ளிகளில் 2020 முதல் சுவாகிலியை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்று அடிப்படைக் கல்வி அமைச்சர் 2018 செப்டம்பரில் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான வளர்ச்சிச் சமூகம் (SADC) 2019இலும் ஆப்பிரிக்க ஒன்றியம் 2022இலும் அம்மொழியைத் தம் அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்றன. ஜூலை 7ஆம் நாளை உலகச் சுவாகிலி நாளாக யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது. இவையெல்லாம் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிந்தவையே என்பதால் இங்கே விரிக்கவில்லை. டர்பன் தமிழர்களாகிய நாம் அதிகம் பேசாத ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை இக்கரையில் இறக்கியது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1873இல், அடிமை வணிகர்களிடமிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட ஆப்பிரிக்கர்கள் சான்சிபாரிலிருந்து இதே துறைமுகத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோரின் தாய்மொழி மக்குவா, மதம் இஸ்லாம், ஆனால் ஊரார் அவர்களுக்கு இட்ட பெயர் சான்சிபாரிகள். நம் முன்னோரைப் போலவே அவர்களும் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். பின்னர் பிளஃப் பகுதியிலுள்ள கிங்ஸ் ரெஸ்ட்டில் குடியிருந்தனர். 1960களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, 'பிற ஆசியர்' என்ற விந்தையான முத்திரையும் குத்தப்பட்டு, எங்கள் சாட்ஸ்வொர்த்திலேயே குடியேற்றப்பட்டனர். எங்கள் குடும்பமும் அதே சட்டத்தால் வீடிழந்து இங்கு வந்ததுதான். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் ஒலி நமக்கு எங்கோ தொலைவில் இருக்கும் ஒலியன்று. இரண்டு தெருக்கள் தள்ளி வாழ்ந்தவர்களின் பிறப்பிடத்து ஒலி.

அப்படியிருந்தும், ஆப்பிரிக்க மொழிச் சொற்களில் நம் பெரியவர்கள் முதலில் கற்றவை எவை? என் தாத்தாவின் காய்கறிக் கடையில் நான் சிறுமியாகக் கேட்ட சூலுச் சொற்கள் மூன்று: வோஸா, ஹம்பா, ஷேஷா. வா, போ, சீக்கிரம். ஏவல்கள் மட்டுமே நிறைந்த பனகலோ என்னும் கலப்புப் பேச்சை வைத்துக்கொண்டு, நமக்கு ஆப்பிரிக்க மொழி தெரியும் என்று ஒரு தலைமுறையே நம்பியிருந்தது. தாத்தா தீய மனிதர் அல்லர். ஆனால் கடையில் மூட்டை தூக்கிய முதியவரை, அவர் தம்மைவிட மூத்தவர் என்று தெரிந்தும், அந்த மூன்று சொற்களால்தான் இருபது ஆண்டுகள் அழைத்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கூசுகிறது. சுவாகிலியிலாவது நம் பிள்ளைகளின் முதற்சொற்கள் ஏவல்களாக இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முதலில் கற்க வேண்டியது வணக்கச் சொல். சுவாகிலியில் இளையவர் மூத்தவரைக் கண்டால் 'ஷிகமோ' என்பார். மூத்தவர் 'மரஹபா' என்று ஏற்பார். தங்கள் கால்களைப் பற்றுகிறேன் என்ற பொருளுடைய தொடரே ஷிகமோ என்று சுருங்கியதாக மொழிநூலார் கூறுவர். பொங்கலன்று பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறு பூசிக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் தான்சானியாவின் டாங்கா நகரிலிருந்து வந்து தையல் தொழில் செய்யும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். நான் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் படித்த மறுநாள் காலை, வேலிக்கு இப்புறம் நின்று அவரிடம் மரியாதையாக 'ஷிகமோ' என்றேன். கையிலிருந்த துணியை அவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். பதிலாக மரஹபா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேலியருகே வந்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, "ஷிகமோ, மாமா" என்று எனக்குச் சொல்லிவிட்டு, என் வாயிலிருந்து மரஹபா வரும்வரை காத்து நின்றார். அங்கே மாமா என்றால் அம்மா. யாருக்கு யார் சொல்ல வேண்டிய சொல் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் சொல்லிக்கொடுத்தது. சம வயதினருக்கு 'ஹுஜாம்போ' என்றும் அதற்கு விடையாகச் 'சிஜாம்போ' என்றும் இருக்கின்றன. மூத்தவருக்கு அது போதாது.

இங்கே தமிழர் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. 'கரீபு' என்றால் வருக. பலரை வரவேற்றால் 'கரிபூனி'. வா, வாருங்கள் என்ற பழக்கத்தில், ஒரே ஒரு பெரியவரைக்கூட நாம் கரிபூனி என்று வரவேற்கத் தோன்றும். அங்கே அந்த 'னி' எண்ணிக்கையை மட்டுமே காட்டும். மரியாதை ஷிகமோவிலும், பாபா, மாமா, ம்ஸே போன்ற விளிகளிலும்தான் இருக்கிறது. தமிழறிந்து கற்பிப்பவருக்குத்தான் இந்த இடத்தில் எச்சரிக்கத் தோன்றும்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கடிதத்தில் சுவாகிலிச் சொற்களைத் தமிழெழுத்தில் தருகிறேன். பத்தியில் அவ்வாறு மட்டுமே அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் எளியது. 'பாபா' என்று எழுதியிருப்பதை, 'அம்பு' என்னும் சொல்லில் வரும் பகரம்போல் ஒலித்தால் தந்தை. 'அப்பா' என்னும் சொல்லில் வரும் பகரம்போல் ஒலித்தால் சுறாமீன். 'பாட்டா' என்பதும் ஒரு வகையில் ஒலித்தால் வாத்து, மற்றொரு வகையில் ஒலித்தால் பெறு என்னும் வினை. நெல்லுக்குரிய 'ம்புங்கா' என்ற சொல்லில் மகரத்தை அடுத்து வல்லொலியே வரவேண்டும். தமிழ் வாசகரின் நாக்கு அதை இயல்பாகவே மெலிவித்துவிடும். ஆகவே உரோம எழுத்தை முதலிலும், தமிழ் ஒலிக்குறிப்பைத் துணையாகவும் வைத்தல் நலம். அதே வேளையில் ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு வாய்க்காத இரண்டு கொடைகள் நமக்கு உண்டு. சுவாகிலியில் இறைச்சி 'ஞாமா', வீடு 'ஞும்பா', பாம்பு 'ஞோக்கா', விண்மீன் 'ஞோட்டா'. ஞாயிறு என்று சொல்லத் தெரிந்த எவருக்கும் இவை தடையில்லை. மாடு 'ஙோம்பே'. அரிச்சுவடியில் ஙகரத்தை எழுதிப் பழகினோம்; அதில் தொடங்கும் சொல்லொன்றை அன்றாடப் பேச்சில் நாம் கண்டதில்லை. மாணவர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம், இந்த எழுத்தில் எந்தச் சொல் தொடங்கும் டீச்சர் என்று கேட்டதற்கு, இன்று என்னிடம் ஒரு விடை இருக்கிறது.

சூலு தெரிந்த பிள்ளைகளுக்குச் சுமை மேலும் குறைகிறது. சூலுவில் இஞாமா, இஞோக்கா; ஆடு இம்பூஸி, அங்கே ம்பூஸி; கோழி இன்கூக்கு, அங்கே கூக்கு; உறங்குதல் உகுலாலா, அங்கே குலாலா. இரண்டும் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சூலுவின் சொடுக்கொலிகள் சுவாகிலியில் இல்லை என்பதும், கடைசிக்கு முந்தைய அசையில்தான் ஏறத்தாழ எப்போதும் அழுத்தம் விழும் என்பதும் தொடக்க நிலையினருக்கு ஆறுதல் தரும். எண்களில் மோஜா, ம்பீலி, டாட்டு, ன்னே, டானோ, நானே, கூமி என்பவை பாண்டுச் சொற்கள். ஆறு, ஏழு, ஒன்பது ஆகிய சீட்டா, சாபா, டீசா மூன்றும் அரபியிலிருந்து வந்தவை. அரபியில் கடற்கரைகள் என்று பொருள்படும் சொல்லே அம்மொழியின் பெயரானது என்பதை இதனோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

நான் சேர்ந்த மாலை வகுப்பொன்றில், எந்த இடமென்று சொல்ல விரும்பவில்லை, ஆங்கில அகரவரிசைப்படி இருநூறு பெயர்ச்சொற்களை ஒருமையில் மட்டும் அச்சிட்ட தாள்களைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். மூன்று மாதங்கள் அவ்வாறே செய்தேன். பிறகு ஒரு வாக்கியம்கூட அமைக்க இயலவில்லை. தமிழில் பன்மை சொல்லின் கடைசியில் வருகிறது: மரம், மரங்கள். சுவாகிலியில் அது சொல்லின் முகப்பில் வருகிறது: மனிதர் ஒருவர் ம்டு, பலர் வாட்டு, குழந்தை ம்டோட்டோ, குழந்தைகள் வடோட்டோ, மரம் ம்டி, மரங்கள் மிட்டி, நாற்காலி கிட்டி, நாற்காலிகள் விட்டி. புத்தகம் என்னும் அரபிச் சொல்லான 'கிதாப்' அங்கே கிட்டாபு ஆனபோது, அதன் முதலசையை ஒருமை முன்னொட்டென்றே அம்மக்கள் கொண்டு, பன்மையில் விட்டாபு ஆக்கிவிட்டனர். நல்ல புத்தகம் 'கிட்டாபு கிஸூரி'. நல்ல புத்தகங்கள் 'விட்டாபு விஸூரி'. பெயரின் முகப்பு மாறினால் அடைமொழியின் முகப்பும் உடன் மாறும். ஆகையால் ஒருமையையும் பன்மையையும் இணையாகக் கற்காத பெயர்ச்சொல் பாதிச் சொல்லே என்பது என் துணிபு. பத்தியில் எந்தப் பெயரையும் தனியாக அச்சிட வேண்டாம்.

இவ்விடத்தில்தான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. நம் உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நான் பட்ட பாடு கொஞ்சமன்று. மனிதன் வருகிறான், சிங்கம் வருகிறது என்று நாம் வினைமுற்றில் பிரிக்கிறோம். சுவாகிலியில் 'ம்டு அனகூஜா' என்றால் மனிதன் வருகிறான். 'சிம்பா அனகூஜா' என்றால் சிங்கம் வருகிறது. வினை மாறவில்லை. உயிருள்ளவை என்ற அளவில் மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே வினைமுற்று. இதைக் கேட்ட என் பேத்தி, அப்படியானால் நாம் ஏன் சிங்கத்தை நாற்காலியோடு சேர்த்தோம் என்று கேட்டாள். பத்து ஆண்டுகள் தமிழ் படித்தும் திணையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அடுத்த வாரம் அட்டையை நறுக்கித் துண்டுகளாக்கி மூன்று வண்ணம் தீட்டினோம். 'படித்தேன்' என்பதில் படி என்னும் பகுதிக்குப் பச்சை, காலம் காட்டும் இடைநிலைக்கு மஞ்சள், என்னைக் காட்டும் 'ஏன்' விகுதிக்குச் சிவப்பு. சுவாகிலியில் படித்தேன் என்பது 'நிலிசோமா': நி என்றால் நான், லி இறந்தகாலம், சோமா என்பது படித்தல். சிவப்பு, மஞ்சள், பச்சை. 'நிடசோமா' என்றால் படிப்பேன். 'டுலிசோமா' என்றால் படித்தோம். இரண்டு வரிசைகளையும் மேசைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், "பாட்டி, இரண்டிலும் மஞ்சள் நடுவில்தான் இருக்கிறது" என்றாள். ஓரங்கள் இடம் மாறியிருக்கின்றன. காலம் நடுவிலேயே நிற்கிறது. பகுபத உறுப்புகளைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப்போட்டவள் நான். அந்த அட்டைகள் செய்த வேலையை என் சாக்பீஸ் செய்ததில்லை. சுவாகிலி வந்தால் தமிழ் போய்விடும் என்று அஞ்சும் அன்பர் அந்த மேசையருகே இருந்திருக்க வேண்டும்.

சமையலறைச் சொற்களில் நமக்கும் சுவாகிலிக் கடற்கரைக்கும் உள்ள நெருக்கம் வியப்பூட்டுவது. ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லால் சொல்லப்படுவதை நாம் நெல், அரிசி, சோறு என்று பிரிக்கிறோம். அங்கும் அவ்வாறே: வயலில் இருப்பது ம்புங்கா, மூட்டையில் இருப்பது ம்ச்செலே, இலையில் விழுவது வாலி. தேங்காய் நாஸி, இளநீர்க்காய் டாஃபு, தேங்காய்ப்பால் டூயி. பக்கத்து வீட்டு டாங்காப் பெண்மணியின் அடுப்படியில் தேங்காய்ச்சோறு சமைக்கும்போது, ம்பூஸியை எடுத்துத் தாருங்கள் என்றார். ஆடு என்று மட்டுமே அறிந்திருந்த நான் திகைத்தேன். அவர் சுவரோரம் காட்டியது தேங்காய் துருவும் மணை. உட்கார்ந்து துருவ ஒரு பலகை, அதன் முனையில் பல் வைத்த இரும்பு நாக்கு. என் அம்மா வைத்திருந்த துருவுமணைக்கும் அதற்கும் வேறுபாடு காண முடியவில்லை. 'மஞ்சானோ' என்றால் மஞ்சள். நம் சொல்லைப் போலவே கறிக்கு இடும் பொருளையும் நிறத்தையும் ஒருங்கே குறிக்கும். இலட்சம் 'லாக்கி', வண்டி 'காரி', பணம் 'பேசா', சப்பாத்தி 'சப்பாட்டி' என்று இந்தியாவிலிருந்து கடல்கடந்து சென்ற சொற்களும் உண்டு. இவற்றை நினைவுக்கு உதவும் கொக்கிகளாகக் கொள்ளலாமே தவிர, தமிழிலிருந்தே எல்லாம் போயின என்று மேடையில் முழங்குவதற்கு இவை சான்றாகா. அந்தப் பழக்கம் நம்மிடையே இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உறவுமுறைகளுக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கத் தகும். தந்தையின் அண்ணன் 'பாபா ம்கூப்வா', சொல்லுக்குச் சொல் பெரியப்பா. தம்பி 'பாபா ம்டோகோ', அதாவது சின்னப்பா. பெரியம்மாவும் சின்னம்மாவும் அவ்வாறே. அத்தைக்கு 'ஷங்காஸி' என்றும் தாய்மாமனுக்கு 'ம்ஜோம்பா' என்றும் தனிச்சொற்கள் உள்ளன. எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று ஒரே கூடையில் போடப் பழகிவிட்ட நம் பேரப்பிள்ளைகள், ஷங்காஸியைக் கற்கும்போது அத்தையையும் மீட்டுக்கொள்வார்கள். அண்ணன் 'காக்கா' என்பதைக் கேட்டு வகுப்பில் சிரிப்பு எழும். தமிழ் முஸ்லிம்களுள் சிலரும் அண்ணனைக் காக்கா என்றே அழைப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

நேரம் சொல்வதில் ஒரே ஒரு விதி. அங்கே பகலின் மணிக்கணக்கு கதிரெழுச்சியில் தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு 'சா மோஜா', முதல் மணி. நண்பகலுக்கு 'சா சீட்டா', ஆறாம் மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பஞ்சாங்கத்தை அறிந்தவருக்கு இது புதிதன்று. கிழமைகளும் சனிக்கிழமையை முதலாக வைத்தே எண்ணப்படுகின்றன. புதன் 'ஜுமடானோ', ஐந்தாம் நாள். வியாழன் 'அல்ஹமீசி', ஞாயிறு முதல் எண்ணும் அரபிக் கணக்கில் அதுவும் ஐந்தாம் நாள். இரண்டு கணக்குகள் ஒரே வாரத்தில் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

தமிழில் ஒற்றைச் சொல்லால் பெயர்க்க என்னால் இயலாத சொல் ஒன்றுண்டு: 'போலே'. கால் இடறியவருக்கு, நோயுற்றவருக்கு, வேலை செய்து களைத்தவருக்கு, இறப்பு நேர்ந்த வீட்டாருக்கு, எல்லாருக்கும் அந்தச் சொல்லே. மன்னிப்பு கேட்பது அன்று அதன் பொருள். அதற்குச் 'சமஹானி' தனியே இருக்கிறது. ஐயோ பாவம் என்பதில் உள்ள இரக்கம் மேலிருந்து கீழே பார்ப்பது. போலே பக்கத்தில் வந்து நிற்பது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் வீட்டின் பின்சுவர் இடிந்து, அரிசி மூட்டையும் என் பழைய வகுப்பேடுகளும் சேற்றில் கிடந்த காலையில், அந்தப் பெண்மணி முழங்காலளவு நீரில் வந்து வாசலில் நின்றார். அதுவரை நாங்கள் அதிகம் பேசியதில்லை. வீட்டிலிருந்த எங்கள் நால்வரையும் பார்த்து, பன்மையில், "போலேனி" என்றார். பிறகு புடவைத் தலைப்பைப்போல் தாம் மேலே சுற்றியிருந்த 'கங்கா' என்னும் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏடுகளைப் பொறுக்கத் தொடங்கினார். நான் சுவாகிலி கற்க வேண்டும் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

நம் நாட்டு அரசியல் சட்டம், பேணி மதிக்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த மதிப்பை எதிர்பார்க்கும் நாம், நம் தெருவில் பேசப்படும் மற்றொரு மொழிக்கு வாரம் அரைப் பத்தி தருவது பெரிதன்று. முதல் பத்து வாரங்களுக்கான குறிப்புகளை, வாரத்திற்கு எட்டுச் சொற்கள் வீதம், ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்துடன் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்மணி அவற்றைப் படித்துத் திருத்தித் தந்திருக்கிறார். இரண்டாம் வாரத்தில் நான் செய்திருந்த மூன்று பிழைகளை அவர் சிவப்பு மையால் குறித்திருப்பது அப்படியே இருக்கிறது. தாங்கள் இசைந்தால் அந்தத் தாள்களைப் பேத்தியிடம் கொடுத்து அலுவலகத்திற்கு அனுப்புகிறேன். முதல் வாரத்தின் தலைப்பில் இரண்டே சொற்கள் இருக்கின்றன: ஷிகமோ, மரஹபா. எதை யார் சொல்ல வேண்டும் என்பதையும் அடியில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.